நிலாவரைக்குள் இறங்கிய பிள்ளைகள்: ஒரு திறந்த மடல்

வடக்கு மாகாணத்தில் சிறுவர் நூல்களைத் தெரிவுசெய்கின்ற, பதிப்பிக்கின்ற பெரியோர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளை வாசிக்க வைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகள் ஏழு பேர், ஒன்பதாம் பத்தாம் ஆண்டுகளில் படிப்பவர்கள், ஓராண்டாகக் கூடியிருந்து எழுதிய மாயக்கதை ஒன்றை நூலாக்கத் தெரிவு ஒன்றுக்கு அனுப்பியிருந்தோம். கருப்பொருள் சிறுவர்க்கு உகந்ததன்று என்ற ஒற்றை வரியோடு கொப்பி திரும்பி வந்தது. அந்த வரியைப் பற்றியே இம்மடல்.

கதையில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஐந்து மாணவர் காணாமல் போகிறார்கள். அவர்களைத் தேடிப் புறப்படும் மூன்று நண்பர்களிடம் அபூர்வ ஆற்றல்கள் உள்ளன. ஒருத்திக்குச் சுண்ணக்கல்லின் அடியில் ஓடும் நீரின் ஓசை கேட்கும். ஒருவன் ஒரு பொருளைத் தொட்டால் அதை முன்பு தொட்டவர் யாரென்று அறிவான். மற்றவனுக்கு இருளில் கண் தெரியும். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று ஆச்சிமார் சொல்லிவந்த கதையை நம்பி, மூவரும் நிலாவரைக்குள் இறங்குகிறார்கள். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாய் இருக்கும் அந்தக் கிணற்றில், நீரின் சுவை மாறும் இடத்தையே மறு உலகின் வாசலாகப் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். பாட்டன் பூட்டன் காலம் தொட்டு நாம் எட்டிப் பார்த்து வந்த கிணறுதான். அந்த வாசல் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்தக் கொப்பியில் ஓர் இடம் உண்டு. காலையில் வகுப்பாசிரியை இடாப்புக் கூப்பிடுகிறார். காணாமல் போன ஒருவனின் பெயர் வந்ததும் பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிள்ளை எழுந்து, "தேடப் போயிருக்கினம், ரீச்சர்" என்கிறது. ஆசிரியை வரவில்லை என்று குறிக்காமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுகிறார். இந்தப் பக்கத்தைப் படித்த பின்னும் கருப்பொருள் உகந்ததன்று என்று எழுத எப்படி மனம் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

உங்கள் தயக்கத்தின் காரணம் எனக்குத் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. படங்களை ஏந்திய தாய்மாரைப் பார்த்தே இப்பிள்ளைகள் வளர்ந்தார்கள். கதையில் நண்பர்கள் மீண்டு வந்தால் அது பொய்யான நம்பிக்கையாகிவிடும் என்று நீங்கள் அஞ்சியிருக்கலாம். ஆனால் 2009 இல் போர் முடிந்த பின் பிறந்த இவர்களுக்குக் "காணாமல் போனவர்" என்பது வீட்டுச் சொல். நாம் புத்தகத்தில் தடுத்தாலும் குசினியில் கேட்கத்தான் போகிறார்கள்.

இத்தகைய மாயக்கதை பிறமொழிச் சரக்கு என்றும் சிலர் சொல்லக்கூடும். மணிமேகலையைத் தெய்வம் உறக்கத்திலேயே மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்ல, தோழி சுதமதி புகார் நகரில் தனித்து நின்றதும், வேற்றுரு எடுக்கவும் வானில் செல்லவும் பசி தீர்க்கவும் மந்திரம் பெற்று மணிமேகலை ஏழாம் நாள் திரும்பியதும் நம் காப்பியம்தான். அந்த மணிபல்லவத்தை நயினாதீவு என்று கருதுவோர் நம்மிடையே பலர்.

பிள்ளையின் ஆற்றலைப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியால் அளந்தே பழகிவிட்டோம். இக்கதையில் நீரின் ஓசையைக் கேட்பவள் கணக்கில் பின்தங்கியவள். அவள் இல்லாமல் மற்ற இருவரும் ஓர் அடி நகர முடியாது. இதை எழுதிய பிள்ளைக்கும் கணக்கு வராது.

ஆகவே, இத்தகைய கதைகளைப் படிக்காமல் ஒதுக்காதீர்கள். திருப்பி அனுப்பினால் எந்தப் பக்கம், எந்த வரி என்று எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் திருத்துவார்கள். "தேசிக்காய்", "கதிரை" என்ற எங்கள் ஊர்ச் சொற்களை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.

காணாமல் போன ஐவரில் நால்வரே கிணற்றிலிருந்து மீள்கிறார்கள். ஐந்தாமவனை மீட்பதா விடுவதா என்று மூன்று சனிக்கிழமைகள் வாதாடிவிட்டு, பிள்ளைகள் கடைசிப் பக்கத்தை எழுதாமலே விட்டிருக்கிறார்கள். கதையில் அவன் பெயரை இடாப்பில் இன்னும் கூப்பிடுகிறார்கள். கொப்பி எங்கள் வாசிகசாலை அலுமாரியில் இருக்கிறது. உங்களில் ஒருவர் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்து, எழுதிய பிள்ளைகள் முன்னிலையில் அதை முழுமையாகப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசிகசாலை ஆசிரியை ஒருவர்