செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. ஒன்று மழையால் நின்றது, ஒன்று போதிய உறுப்பினர்கள் வராமல். பொங்கல் விழா வழக்கம்போல்.

இவ்வாண்டின் பெரிய வேலை, டிரேஃபஸ் வழக்குக் காலத்துப் பிரெஞ்சுக் கேலிச்சித்திரக் கண்காட்சி. "இந்த வெறுப்புப் படங்களை நாம் ஏன் மாட்ட வேண்டும்?" என்று சிலர் எழுதிக் கேட்டார்கள். பதில் சுவரிலேயே இருந்தது. கேட்டவர்கள் வராததால் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாக யூத ராணுவ அதிகாரி ஆல்ஃபிரட் டிரேஃபஸ் கைதானது 1894இல். குற்றமற்றவர் என்று தீர்ப்பானது 1906இல். இடையில் வந்த படங்களிலிருந்து அவரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. வரைந்தவனையும் காசு கொடுத்து வாங்கியவனையும் பற்றித்தான் தெரியும். அவற்றைச் சாட்சியம் என்பது அந்த அர்த்தத்தில்.

1899–1900இல் லெனெப்வு என்ற பெயரில் வந்த 'கொடூரங்களின் அருங்காட்சியகம்' சுவரொட்டிகள் ஐம்பதைத் தாண்டியபின் அரசு உத்தரவால் நின்றன. ஆறாம் எண்ணில் டிரேஃபஸ் பல தலைப் பாம்பு. நான்காம் எண்ணில் நாவலாசிரியர் எமில் ஸோலா, பிரான்ஸ் வரைபடத்தில் மலம் பூசும் பன்றி. ஸோலா யூதரே அல்ல. 1898 ஜனவரி 13 அன்று டிரேஃபஸுக்காக நாளிதழில் எழுதியவர், அவ்வளவுதான்.

ஒவ்வொரு படத்தோடும் தேதி, இதழ், அட்டைப்படமா உள்பக்கமா என்ற விவரம், படத்திலுள்ள வாசகத்தின் தமிழாக்கம் வைத்தோம். பக்கத்திலேயே அந்த மனிதரின் புகைப்படம். மூக்கை எவ்வளவு இழுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பவர் கண்ணே அளந்துகொள்ளும். 1898 ஏப்ரல் 16 'லெ ரீர்' நகைச்சுவை இதழின் அட்டையில், லெயாந்த்ர் வரைந்த யூத வங்கியாளர் ரோத்சைல்ட் உலக உருண்டையை நகங்களால் பற்றியிருப்பார். அதன் பக்கத்திலேயே ஜெர்மன் நாஜி ஷ்ட்ரைஹரின் யூத வெறுப்பு இதழான 'டெர் ஷ்டூர்மர்' படத்தை வைத்தது பிசகு. எல்லாம் ஜெர்மன்காரன் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் அதை வேறு சுவருக்கு மாற்றினேன்.

இன்னும் இரண்டு பிசகுகள். குறிப்புகளைப் படத்துக்குக் கீழே தனியாக ஒட்டியதால், படத்தை மட்டும் செல்போனில் பிடித்து அனுப்பினார்கள். குறிப்பு இல்லாமல் போனால் 1898இன் வேலையை அது மறுபடி செய்யும். இனி குறிப்பு சட்டத்துக்குள்ளேயே அச்சாக வேண்டும். காரன் தாஷ் என்ற ஓவியரின் 'குடும்ப விருந்து' படம் யூத வெறுப்புத் தலைப்பின்கீழ் போய்விட்டது. வரைந்தவர் டிரேஃபஸுக்கு எதிரணிதான். ஆனாலும் அந்தப் படத்தில் இருப்பது, வழக்கைப் பேச வேண்டாம் என்று உட்கார்ந்து, பேசி, அடித்துக்கொண்ட ஒரு குடும்பம். தலைப்பை ஒட்டியது நானல்ல, மாற்றியது நான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவைக் கொஞ்சம் தாண்டியது. சந்தா பாக்கி பாதிக்கு மேல்.

அரங்கம் தந்தவர்களுக்கும், அச்சகத்தாருக்கும், தேநீர் போட்டவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, தெருமுனைகளில் 'ஷ்டூர்மர்' இதழை மாட்டிவைத்த காட்சிப் பெட்டிகளைப் பற்றிச் செய்யலாம் என்று எண்ணம். செய்வதற்குச் செயலாளர் ஒருவர் வேண்டும்; நான்கு ஆண்டுகளாக ஒருவரே போதும் என்று இருந்துவிட்டோம். பலகைகள் இப்போதைக்கு என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. ரசீதுப் புத்தகம் வாசலருகே மேசைமேல் இருக்கிறது.