மலையில் பறக்க முதலில் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினையும் துணிச்சிறகையும் இணைத்து வீட்டிலேயே பறக்கும் இயந்திரம் செய்ய நினைக்கும் மலையக இளைஞர்களின் கவனத்துக்கு.

125 சென்ரிமீற்றர் விட்டமுள்ள காற்றாடியை (புரொப்பெல்லரை) நிமிடத்துக்கு 7000 சுற்றில் நேரடியாகச் சுழற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். இரைச்சல்தான் மிஞ்சும், போதிய உந்துவிசை கிடைக்காது. பெல்ட் போட்டுச் சுமார் 2500 சுற்றுக்குக் குறைக்க வேண்டும்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் வலு இறங்கும், மேலெழ ஓடும் தூரமும் நீளும். காற்று குறைவதால், காபரேட்டரில் பெற்றோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சிறியதாகப் போட்டால்தான் பிளக் கரி பிடிக்காது. ஆனால் அதே ஜெட்டோடு கண்டிக்கு இறங்கி முழு வேகம் கொடுத்தால் கலவையில் பெற்றோல் போதாமல், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சைலன்சர் போல்ட்டுகளுக்குப் பூட்டுக்கம்பி கட்டுங்கள். அதிர்வில் கழன்ற ஒன்று போதும், பின்னால் சுழலும் காற்றாடி சிதற. மலைமுகட்டின் காற்று மறைவுப் பக்கம் போகவே வேண்டாம், அங்கே சுழலும் காற்றில் சிறகு மடியும்.

சிவில் விமான சேவைகள் அதிகாரசபை இதற்கான விதிகளைத் தமிழிலும் எளிய கையேடாக ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் கிடைக்கச் செய்யுமா?

வாசகர்,
பண்டாரவளை