எந்த சிரப்பில் ஒரு ஸ்பூன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், காய்ச்சல் வந்த குழந்தைக்குப் 'பாராசிட்டமால் சிரப் ஒரு ஸ்பூன் கொடுக்கலாம்' என்று அச்சாகியிருந்தது. மருந்துக் கடையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: எந்த சிரப், எந்த ஸ்பூன்?

5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம். குழந்தைக்கு ஒரு வேளைக்குத் தேவையான அளவு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தை என்றால் 100 முதல் 150. முதல் சிரப்பில் 5 மில்லி சரி. இரண்டாவதில் அதே 5 மில்லி அளவை மீறிவிடும். சொட்டு மருந்தை அப்படி ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர்கள் விழுங்கும் முழு மாத்திரைக்குச் சமம்! சமையலறை ஸ்பூன்களோ ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பாட்டிலோடு வரும் அளவு மூடியோ, ஊசியில்லாத சிரிஞ்சோதான் நம்பிக்கையானது.

வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நேரே மருத்துவரிடம்தான். ஆஸ்பிரின் சிறுவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பெரியவர்கள் தடுமாறும் இடம் வேறு. ஒரு நாளுக்கு உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் இன்னும் குறைவு. 650 மில்லிகிராம் மாத்திரையை நான்கு வேளை போட்டால் 2,600. சரி, வரம்புக்குள்தான். ஆனால் ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் 500 சேர்ந்தே வருகிறது. அதையும் மூன்று வேளை போட்டால் 4,100. போட்டவருக்கோ இரண்டும் வேறு வேறு மருந்து என்ற நினைப்பு. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

காய்ச்சலுக்கும் வலிக்கும் போடும் இன்னொரு மருந்தான இபுபுரூஃபனை உணவுக்குப் பிறகே போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக வாங்கிப் போடக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் யாருக்குமே ஆகாது, ரத்தக்கசிவு அபாயம்.

இன்னொன்றையும் அந்தப் பதிலில் எழுதியிருக்க வேண்டும். பாராசிட்டமால் அதிகமாகிவிட்டால் முதல் நாள் லேசான குமட்டலோடு போய்விடலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நஞ்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். ஆகவே, 'ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனிமேல் மருந்தின் பெயர் வரும் இடத்திலெல்லாம் மில்லிகிராமையும் இடைவெளியையும் சேர்த்தே அச்சிடுங்கள். இடம் போதவில்லை என்றால் பதில் சொல்லும் மருத்துவரின் புகைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்