அயோவா ஆய்வு எதை நிரூபித்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பெற்றோர் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குத் திக்குவாய் வந்துவிடும், இதை 1939இலேயே அமெரிக்காவில் ஆய்வு செய்து நிரூபித்துவிட்டார்கள் என்று சென்ற இதழின் குழந்தை வளர்ப்புப் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தது. என் மகளின் மாமியார் அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டு, அவள் கண்ணில் படும்படி சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டார். பேரனுக்கு மூன்றரை வயது. கொஞ்ச நாளாக முதல் எழுத்திலேயே நின்று நின்று பேசுகிறான். யாரால் வந்தது என்று அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த விசாரணைக்குத் தங்கள் பத்திரிகை தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிட்டது. நன்றி.

அவனுடைய தாத்தாவான நானும் திக்கித்தான் பேசுகிறேன். என் அப்பாவும் அப்படித்தான். அவர் அடியும் திட்டும் வாங்கி வளர்ந்தவர். என்னை வீட்டில் யாரும் ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. பேரனோ கீழே விடாமல் தூக்கி வைத்துக் கொஞ்சப்பட்டவன். வளர்ப்புதான் காரணம் என்றால் எங்கள் மூவரில் யாரைக் கொண்டு அதை நிரூபிப்பீர்கள்?

அந்த 1939 ஆய்வு தாங்கள் அறியாததாக இருக்காது. இருந்தாலும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரின் அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆய்வை நடத்தியவர் மேரி டியூடர் என்ற மாணவி. வழிகாட்டியவர் வெண்டல் ஜான்சன், அவரே திக்கிப் பேசியவர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம் உனக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச வராவிட்டால் பேசாதே என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். இது ஆய்வு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கேட்க அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் என்பதால் வசதியாகப் போயிற்று. சிலர் வாய் திறக்கவே பயந்து ஒடுங்கிப்போனார்கள்.

சரி, திக்குவாய் வந்ததா? 2002இல் ஆம்ப்ரோஸ், யைரி என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பழைய பதிவுகளை மறுபடி ஆராய்ந்து, வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். பிள்ளைகளின் மனம் நொறுங்கியதுதான் மிச்சம். ஆறே பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கே விதி எழுத முடியாது என்பது வேறு. ஜான்சன் அதைக் கட்டுரையாக வெளியிடவே இல்லை. 2001இல் ஒரு நாளிதழ் அம்பலப்படுத்திய பிறகு, ஆய்வு நடந்த அயோவா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அந்த மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. இத்தனை நடந்த ஒன்றைத்தான் தங்கள் கட்டுரையாளர் நிரூபணம் என்கிறார்.

திக்குவாய் குடும்ப வழியில் வருவதை இரட்டையர் ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. பேச்சைத் திட்டமிடும் பகுதியையும் அதை நாக்கு, உதடு அசைவாக மாற்றும் பகுதியையும் மூளையின் இடப்பக்கத்தில் நரம்பு இழைகள் இணைக்கின்றன. திக்குபவர்களிடம் அந்த இணைப்பில் வேறுபாடு இருப்பது ஸ்கேனில் தெரிகிறது. மூளை அப்படி இருந்ததால் திக்கினார்களா, காலமெல்லாம் திக்கியதால் மூளை அப்படி ஆனதா என்று பெரியவர்களை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அதனால்தான் திக்கத் தொடங்கிய சின்னப் பிள்ளைகளையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடமும் வேறுபாடு இருந்தது. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடுகிறது என்பதையும் கட்டுரையாளர் எழுதவில்லை. பயந்துபோன தாய்க்குத் தேவைப்பட்டது அந்தத் தகவல்தான்.

என் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார்கள். வருகைப் பதிவில் நான் 'உள்ளேன் ஐயா' சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே சிரித்து முடித்திருக்கும். அப்போது விஷயம் தெரியாது, போகட்டும். கேட்காமல் பிள்ளைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதும் அயோவாவோடு முடிந்துவிடவில்லை. என் மகள் படித்த பள்ளிக்கு யாரோ ஆராய்ச்சி மாணவர்கள் வினாத்தாளோடு வந்து, உன் அப்பா வீட்டில் அடிப்பாரா என்றெல்லாம் கேட்டுப் போனார்கள். பெற்றோர் ஒருவருக்கும் தகவல் இல்லை. தலைமையாசிரியர் தலையசைத்தாராம், அதுதான் அனுமதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைப்படி பெற்றோர் சம்மதம் வேண்டும், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும். அதைப் பற்றி விரிவாக ஒரு கடிதம் எழுதினேன். தாங்கள் அதிலிருந்து முதல் இரண்டு வரியை மட்டும் வெளியிட்டீர்கள். அந்த இரண்டும் பத்திரிகையைப் பாராட்டிய வரிகள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்த ஆய்வு அப்படி எதையும் நிரூபிக்கவில்லை என்று ஒரு திருத்தம் போடுங்கள். அந்தப் பக்கத்தில் இடமில்லை என்றால் நகைச்சுவைத் துணுக்குகளுக்கு நடுவே போட்டாலும் சரி. திக்கிப் பேசுகிறவர்களுக்கு அங்கே தாங்கள் இடம் மறுத்ததே கிடையாது.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
கும்பகோணம்.