செலியாக் நோய்: ஞாயிறு சந்திப்பும் ஒரு வேண்டுகோளும்

வணக்கம் அக்கா, அண்ணன்மார்களே. ஞாயிறு காலை 10 மணிக்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், போன முறை கூடிய அதே மாடியில் சந்திக்கிறோம்.

நான் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன், செலியாக் ஆய்வு ஒன்றில் உதவியாகவும் இருக்கிறேன். செலியாக் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும் நோய். இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்று இன்னும் பலர் சொல்லும்போது மனம் தாங்கவில்லை. 2015இல் வெளியான மலேசிய ஆய்வில் 562 இளையோரின் இரத்தத்தைச் சோதித்ததில் 1.25 விழுக்காட்டினருக்கு இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் இருந்தது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், சோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். என் சித்தி வயிற்று வலி தாங்காமல் ரொட்டி சானாய், சப்பாத்தி எல்லாவற்றையும் மூன்று மாதம் விட்டுவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தார், எதிர்ப்பொருள் அதற்குள் குறைந்துவிட்டதால் முடிவில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் வலியோடு மறுபடி பல வாரம் சாப்பிட்டுத்தான் சோதிக்க வேண்டியிருந்தது.

நோய் உறுதியானவர்கள் சமையலறையை நன்றாகப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் அரைத்த தோசை சரி, ரவா தோசை கூடாது. கிச்சாப்பில் (சோயா சாஸ்) பெரும்பாலும் கோதுமை உண்டு, பார்லித் தண்ணீரும் ஆகாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது பலருக்குத் தெரிவதில்லை, சாம்பாரில் தினமும் போகிறது! வீட்டில் இருக்கும் பெருங்காய டப்பாவைக் கொண்டுவாருங்கள், லேபிளைச் சேர்ந்து படிப்போம்.

வர முடியாதவர்கள் லேபிளைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், இரவு 9 மணிக்கு மேல் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.