வெள்ளிக்கிழமை இரவு பேசியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பங்குச் சந்தை பேசியே பெயர் வாங்கிய லூயிஸ் ரூகைசர் பற்றிச் சென்ற ஞாயிறு தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். பொருளாதாரப் பத்திரிகையாளரின் மகன், பால்டிமோர் பத்திரிகைக்கு வெளிநாட்டு நிருபர், ஏபிசி தொலைக்காட்சியில் பொருளாதாரச் செய்தியாளர், அப்புறம் 1970 முதல் 2002 வரை ‘வால் ஸ்ட்ரீட் வீக்’ என்ற வாராந்திர நிகழ்ச்சி என்று அவருடைய தொழில் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். சிலேடைப் பேச்சையும் விடவில்லை. எல்லாம் சரி. முக்கியமான ஒன்று மட்டும் போகிற போக்கில் வந்து போய்விட்டது. அவர் பேசியது வெள்ளிக்கிழமை இரவு.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடியில் பல வருடம் துணைத் தரகராக, பங்கு வாங்க விற்க ஆர்டர் போடும் டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் எனக்கு இது பெரிதாகப் படுகிறது. வெள்ளி இரவு என்றால் மார்க்கெட் மூடியாகிவிட்டது. திங்கள் காலை வரை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கேட்டவர் இரண்டு நாள் யோசிக்கலாம், வீட்டில் கலந்து பேசலாம், வேண்டாம் என்று விட்டும் விடலாம்.

எங்கள் ஆபீசில் நடந்தது வேறு. மார்க்கெட் திறக்கும் முன்பே சுவரில் டிவி ஓட ஆரம்பித்துவிடும். பேசுகிறவர் இந்தியிலோ இங்கிலீஷிலோ பொரிந்து தள்ளுவார். கீழமாசி வீதி பருப்பு வியாபாரிக்கு அதில் பாதி புரியாது. கம்பெனி பெயரும், எந்த விலைக்குப் போகும் என்கிற டார்கெட்டும் காதில் விழுந்தால் போதும், உடனே போன். “சார், டிவியில சொன்னான்ல, ஐந்நூறு போடுங்க.” நான் ஆர்டர் அடிப்பதற்குள் விலை இரண்டு ரூபாய் ஏறியிருக்கும். திரையில் விற்கிற பக்கத்தில் திடீரென்று பெரிய பெரிய அளவில் ஆர்டர்கள் வந்து நிற்கும். சரியாக அந்த நிமிஷத்தில் இத்தனை பங்கை விற்க யார் தயாராக இருந்தார்கள் என்று யோசிப்பதற்குள் அடுத்த போன் வந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ஊருக்கே லீவு, பம்பாய்க்கு இல்லையே! கோரிப்பாளையத்துக் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு, “டிவியில என்ன சொல்றான்?” என்று கேட்டவர்களும் உண்டு.

விற்கத் தயாராக இருந்தவர் யார் என்பதற்கு ஒரு பதில் 2021 ஜனவரியில் வந்தது. ஓர் இந்தி வணிகச் சேனலின் தொகுப்பாளர் மறுநாள் பரிந்துரைக்கப்போகும் பங்குகளை முந்தைய நாளே குடும்பத்தார் கணக்கில் வாங்கி, நிகழ்ச்சி வந்ததும் விற்றதாகச் சொல்லி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு தடை போட்டது. 2024 பிப்ரவரியில் வேறொரு சேனலில் வந்து பேசிய நிபுணர்கள் சிலர்மீதும், சொல்லப்போவதை முன்கூட்டியே வேறு ஆட்களுக்குத் தெரிவித்ததாக இடைக்கால உத்தரவு வந்தது.

ரூகைசருக்கு வருகிறேன். 1987 அக்டோபர் 19, திங்கள்கிழமை, அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 508 புள்ளி விழுந்தது. 22.6 சதவீதம். அந்த வெள்ளிக்கிழமை அவர் எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று ஆரம்பிக்கவில்லை. போனது பணம்தான், உயிர் இல்லை, போன வாரம் உங்கள்மேல் பிரியமாக இருந்தவர்கள் இன்றும் அப்படியேதான் இருக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். 2008 ஜனவரி 21 அன்று சென்செக்ஸ் 1,408 புள்ளி சரிந்தபோது, நகைப் பட்டறை வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். விலை சரிந்ததற்கு ஈடாகக் கூடுதல் பணம், அதாவது மார்ஜின், கட்டச் சொல்கிறேன், பதில் பேசாமல் டிவியையே பார்க்கிறார். அதில் மலிவாகக் கிடைக்கும் பங்குகள் என்று ஒரு பட்டியல் போய்க்கொண்டிருந்தது.

அதற்காக ரூகைசரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். சந்தை போகிற போக்கைக் கணிக்க அவர் நிகழ்ச்சியில் ஒரு நிபுணர் குழு இருந்தது. 1999 கடைசியில், எல்லோரும் ஏற்றத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, இது தாங்காது என்று விடாமல் எச்சரித்துவந்த கெயில் டூடாக் என்ற பெண்மணியை அதிலிருந்து எடுத்துவிட்டார். 2000 மார்ச்சில், தொழில்நுட்பக் கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு உச்சிக்குப் போய்ச் சரியத் தொடங்கியது. 2002-ல் நிலையத்தார் ரூகைசரையே மாற்றப் பார்த்தபோது, அவர் அதை நிகழ்ச்சியிலேயே போட்டு உடைத்துவிட்டு சிஎன்பிசிக்குப் போனது தனிக்கதை. கட்டுரையாளர் டூடாக் விஷயத்தைச் சொல்லாமல் விட்டது எனக்குக் குறைதான்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று செபி கணக்குச் சொல்லிவிட்டது. வாங்கியவன் எவ்வளவு இழந்தான் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, சொன்னவர் சொன்னதில் எது பலித்தது என்பதற்கு இல்லை. தங்கள் பத்திரிகையும் திங்கள்தோறும் கவனிக்க வேண்டிய பங்குகள் என்று ஒரு பெட்டி போடுகிறது. அதற்குக் கீழே, போன வருடம் இதே வாரம் அதே நிபுணர் சொன்ன பங்குகளையும் அன்றைய விலையையும் இன்றைய விலையையும் சேர்த்துப் போடுங்கள். டிவிக்காரர்கள் இதைச் செய்யமாட்டார்கள், நீங்கள் செய்யலாம். இடம் போதாவிட்டால் ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பங்குத் துணைத் தரகர்,
மதுரை – 1.