புழுவுக்கு என்ன சாப்பாடு என்று கேட்டாயே, வசந்தி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. முட்டி வலியோடு தினமும் மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் திட்டத்தான் தோன்றியது. அடுத்த வரியிலேயே மாடியில் மண்புழு உரத்தொட்டி வைத்திருப்பதாக எழுதிவிட்டாய், அதற்கு மேல் எப்படித் திட்டுவது. இங்கே எல்லாரும் நலம். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் சமையலில் இருக்கும் குறையெல்லாம் அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. சின்னவன் வேலை மாறிவிட்டான், அதே சென்னைதான். வெயிலை மட்டும் கேட்காதே, கெடிலம் ஆறு வெறும் மணலாகக் கிடக்கிறது.

சரி, புழு விஷயம். தினமும் காய்கறித் தோலைப் போடுகிறேன், அது அப்படியே கிடந்து நாறுகிறது, புழுக்கள் எல்லாம் மூடியில் ஏறி ஒட்டிக்கொள்கின்றன, இதுகளுக்குப் பசியே கிடையாதா என்று கேட்டிருக்கிறாய். பசி இருக்கிறது, நீ போட்டது இன்னும் அதற்குச் சாப்பாடாக ஆகவில்லை, அவ்வளவுதான். மண்புழுவுக்குப் பல் கிடையாது. தோலிலும் காம்பிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறி, கொழகொழவென்று ஆன பிறகுதான் அதை உறிஞ்சி இழுக்கும். உள்ளே போனதை, கூடவே விழுங்கிய மணல் துகளோடு சேர்த்து அரைப்பையில் அரைத்துக்கொள்ளும். அதற்கு ஊட்டம் கிடைப்பது பெரும்பாலும் அந்த நுண்ணுயிர்களிலிருந்துதான். ஆக நீ போடும் இலையில் முதல் பந்தி பாக்டீரியாவுக்கு, புழு உட்காருவது இரண்டாம் பந்தியில். முதல் பந்தி முடிவதற்குள் மேலே மேலே கொட்டினால் அடியில் காற்றுப் புகாமல் புளித்துப்போகும், சூடேறும், அதனால்தான் உன் புழுக்கள் மூடிக்கு ஓடுகின்றன.

இப்போதைக்கு ஒரு வாரம் பத்து நாள் எதுவும் போடாதே. ஊறிப்போன தோலில் பாதியை எடுத்து ரோஜாத் தொட்டி மண்ணில் புதைத்துவிடு. மீதியோடு கிழித்த பழைய செய்தித்தாளோ அட்டைப்பெட்டித் துண்டோ கலந்து, கையால் மெதுவாகக் கிளறி விடு. வழவழப்பான வண்ணத் தாள் மட்டும் வேண்டாம். ஈரமான தோலுக்கு ஈடாக ஏதாவது காய்ந்தது எப்போதும் இருக்க வேண்டும், பலர் விடுவது இதைத்தான். காய்ந்த இலை, வைக்கோல், தென்னை நார்க்கழிவு எதுவானாலும் சரி, நார்க்கழிவாக இருந்தால் உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் போடு. எனக்கு அந்தக் கவலையில்லை, பண்ருட்டிப் பக்கம் அண்ணன் நிலத்திலிருந்து முந்திரிச் சருகு சாக்கு சாக்காக வருகிறது. 2011இல் தானே புயலில் பழைய மரங்கள் விழுந்த இடத்தில் வைத்த கன்றுகள்தான், இப்போது பந்தல் மாதிரி நிற்கின்றன. முந்திரி இலை சீக்கிரம் மக்காது, சாணியோடு புரட்டி ஈரம் தெளித்து ஊறப்போட்டால்தான் வழிக்கு வரும். முந்திரிக்கொட்டைத் தோட்டை மட்டும் பக்கத்தில் சேர்க்க மாட்டேன், கையையே பொத்துப்போக வைக்கும் எண்ணெய் அதில் இருக்கிறது, புழுவின் தோல் என்ன பாடுபடும்.

சாணி கிடைக்குமா என்று கேட்டாய். லாஸ்பேட்டையில் மாடு இல்லாமலா இருக்கும், தெருவிலேயே நிற்குமே. ஆனால் இன்று போட்ட சாணியை இன்றே போடாதே. குவித்து வைத்தால் உள்ளே சூடு கிளம்பும், அமோனியாவும் வரும். நிழலில் பதினைந்து இருபது நாள் ஆறவிட்டு, மூக்கருகே வைத்தால் காரம் இல்லாமல் மண்வாசனை வந்த பிறகு போடு. புழுவுக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

எவ்வளவு போடுவது என்பதற்கு, ஒரு கிலோ புழு நாளொன்றுக்கு அரை கிலோ வரை தின்னும் என்று கணக்கு சொல்வார்கள். அது எல்லாம் கூடி வந்த தொட்டிக்கு. புதுத் தொட்டிக்கு அதில் பாதிகூட அதிகம். முன்பு போட்டது அடையாளம் தெரியாமல் போன பிறகு அடுத்ததைப் போடு. பொடியாக நறுக்கினால் சீக்கிரம் மக்கும். ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்து எடுத்தால் தோல் தானாகத் தளர்ந்துவிடும், குளிர் விட்டதும் போடலாம் (உன் மருமகள் ஃப்ரீசரில் இடம் விட்டால்). வாழைப்பழத் தோல், பூசணிக் குடல், கீரைத் தண்டு, டிகாக்‌ஷன் இறக்கிய காப்பிச் சக்கை, இதெல்லாம் தாராளமாகப் போடலாம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோலை ஊறவைத்துப் போட்டால் அதுவும் ஆகும். முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக இடித்துத் தூவு, அரைப்பைக்கு மணலாகவும் ஆகும், புளிப்பையும் அடக்கும். இப்போது பலாச் சீசன், சக்கையைப் புழு விரும்பித் தின்னும், ஆனால் அந்த இனிப்புக்குக் கொசுறாக ஈயும் எறும்பும் வரும், கொஞ்சமாகப் போட்டு மேலே சருகு மூடிவிடு. தொட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிட்டால் எறும்புத் தொல்லை தீர்ந்தது. மீன் செதில், மிஞ்சின சாம்பார், ஊறுகாய், தயிர்ச்சோறு எதுவும் கிட்டவே வரக்கூடாது. புழு மூச்சு விடுவது தோல் வழியாகத்தான், உப்புப் பட்டால் தாங்காது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலும் வேண்டாம்.

வெங்காயத் தோல் கூடவே கூடாது என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொன்னதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் போனால் ஒன்றும் ஆகாது. 1881இல் மண்புழுவைப் பற்றி எழுதிய டார்வின் தன் வீட்டிலேயே மண் நிரப்பிய தொட்டிகளில் புழு வளர்த்தவர். விதவிதமான இலைகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார், அவருடைய புழுக்கள் வெங்காயத்தை விரும்பித் தின்றன, கேரட் இலையையும் ருசித்தன, புதினாவை மட்டும் லேசாகக் கொறித்துவிட்டு விட்டுவிட்டன. அவை வேறு இனம், நிலத்தில் வளை தோண்டுபவை, ஆனாலும் இதை அந்த மனிதரிடம் சொல், எனக்காக.

இனம் என்றதும் உன் இன்னொரு கேள்வி. மழைக்காலத்தில் தோட்டத்தில் வெளியே வருகிற புழுவைப் பிடித்துத் தொட்டியில் விடலாமா என்றாய். வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை மண்ணுக்குள் இறங்கி வாழ்பவை, தோல் குவியலில் நிற்காமல் ஓடிவிடும் அல்லது செத்துவிடும். உரத்தொட்டிக்குக் குப்பையின் மேல்மட்டத்திலேயே வாழ்கிற புழு வேண்டும். நீ வாங்கினது நீளமாக ஊதா நிறத்தில் இருப்பதாக எழுதியதை வைத்துப் பார்த்தால் ஆப்பிரிக்கப் புழு யூட்ரிலஸ் என்று நினைக்கிறேன், நன்றாகத் தின்னும். நம் நாட்டுப் புழுவிலும் இதற்கு ஏற்றது இருக்கிறது, பெரியோனிக்ஸ் என்று பெயர். உள்ளூர்ப் புழுவையே பயன்படுத்துங்கள் என்று சென்னையில் மண்புழு ஆய்வாளர் சுல்தான் இஸ்மாயில் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், என் தொட்டியில் இருப்பது அதுதான்.

இந்த மாதத்தில் சாப்பாட்டைவிடப் பெரிய கவலை சூடு. 35 டிகிரிக்கு மேல் தொட்டிக்குள் ஏறினால் புழு பிழைக்காது, உன் மொட்டை மாடித் தளம் மத்தியானம் எப்படிக் கொதிக்கும் என்று உனக்கே தெரியும். அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் படிக்கட்டுக்கு அடியிலோ கீழே கிணற்றடியிலோ இறக்கி வைத்துவிடு, உன் முட்டிக்கும் நல்லது. மேலே நனைத்த கோணிச் சாக்கு போடு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் போதாது.

எல்லாம் சொல்லியும் மொத்தமும் போய்விட்டால் கவலைப்படாதே, ஆடியில் தங்கச்சி வீட்டு வளைகாப்புக்கு நான் அங்கே வருகிறேன், மூடியில் ஓட்டை போட்ட ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் என் புழுக்களைக் கொஞ்சம் சாணியோடு எடுத்து வருவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் மட்டும் டப்பாவில் என்ன என்று சொல்லப்போவதில்லை. உன் மருமகளிடமும் இப்போதே சொல்லி வைக்காதே.

அன்புடன்,
மல்லிகா
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்